மில்லிங் டிரம்மில் கிடைத்த ஐந்து ரூபாய்

ஆம்பூர் பக்கத்தில் ஒரு தோல் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகத் தோல் பார்க்கிறேன். பார்ப்பது மட்டும்தான் என் வேலை. மேசைமேல் ஒவ்வொரு தோலாக விரிப்பார்கள். நான் குனிந்து, தடவி, தேவைப்பட்டால் கழுத்தில் தொங்கும் லென்ஸை வைத்து, எந்தக் குறை மாடு உயிரோடு இருந்தபோது வந்தது, எது கம்பெனிக்குள் நுழைந்த பிறகு வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பி கிழித்து ஆறிய தழும்பு, இன்னொரு மாட்டின் கொம்பு பட்ட பள்ளம் எல்லாம் மாட்டின் பொறுப்பு. கத்தி இழுத்தது, மெஷின் மடித்தது, டிரம் உரசியது எல்லாம் செக்‌ஷனின் பொறுப்பு. மாட்டைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது என்பதால் எல்லா செக்‌ஷன்காரர்களும் பழியை அதன்மேல் போடவே விரும்புவார்கள். மாடு இதுவரை மறுத்ததில்லை.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் காசு பார்க்கப் போனதுதான் வினை.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் எங்கள் சூப்பர்வைசர் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். கூலிங் கிளாஸ் போட்ட ஒருத்தர், பின்னால் தங்கக் காசு மழையாகக் கொட்ட, உங்கள் வீட்டு உண்டியலில் லட்சங்கள் தூங்குகின்றன என்றார். அச்சடிக்கும்போது பிழையாகிப் போன நாணயங்களுக்கு அப்படி ஒரு கிராக்கியாம். அவர் காட்டிய காசு எல்லாமே பார்க்கக் கொஞ்சம் கோணலாக இருந்தன. ஆம்பூரில் புழங்கும் காசு எல்லாமே பார்க்கக் கொஞ்சம் கோணல்தான். அடுத்த திங்கட்கிழமை முதல் எங்கள் ஃப்ளோரில் தயிர்சாதத்தை விடக் காசைத்தான் அதிகமாகப் பிசைந்தார்கள்.

முதலில் என்னிடம் வந்தவர் ஸ்பிரே லைனில் இருக்கும் அக்கா. ஒரு ரூபாய்க் காசு. நடுவில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. கீறல் என்றுதான் நினைத்தேன். லென்ஸை வைத்துப் பார்த்தால் கோடு பள்ளமாக இல்லை, மேடாக இருந்தது. பழக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தேன். விரலும் அதையே சொன்னது. வீட்டுக்குப் போய் மூன்று நாள் போனில் தேடித் தேடிப் படித்தேன். அச்சு விரிசல் விட்டிருந்தால், அடிக்கும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறிவிடும். அதனால் காசில் அது மேடாகத் தெரியும். யாராவது பின்னால் கீறியிருந்தால் பள்ளமாக இருக்கும், தள்ளப்பட்ட உலோகம் ஓரத்தில் பிசிராக நிற்கும். தோலில் ஆறிய தழும்புக்கும் கத்திக் கீறலுக்கும் உள்ள அதே வித்தியாசம். எனக்கு ஏதோ புதுப் படிப்பு முடித்ததுபோல இருந்தது.

அக்காவிடம், இது நிஜமான அச்சுப் பிழைதான் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எவ்வளவு போகும் என்று கேட்டார். ஆசையாகச் சேர்க்கிறவர் யாராவது கிடைத்தால் நூறு ரூபாய் கொடுப்பார் என்றேன். மிச்ச லட்சத்தை நான்தான் அவர் டிபன் பையிலிருந்து எடுத்துக்கொண்டேன் என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனாலும் கூட்டம் குறையவில்லை. காட்பாடி தண்டவாளத்தில் ரயில் ஏறி நசுங்கிய இரண்டு ரூபாயை ஒருவர் கொண்டுவந்தார். நடு வட்டத்தைச் சுத்தியலால் தட்டித் தலைகீழாக மாட்டிய பத்து ரூபாய் ஒன்று வந்தது. மாட்டியவரே அதைக் கொண்டுவந்திருந்தார். தோலுக்கு அடிக்கும் பிக்மெண்டில் குளித்த ஐம்பது பைசாவை, இது செம்பில் தவறுதலாக அச்சானது என்றார் இன்னொருவர். சூப்பர்வைசர் இரண்டு பக்கமும் சிங்கத் தலை உள்ள ஒரு காசோடு வந்தார். விளிம்புக்கு உள்ளே சுற்றிலும் மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தது. இரண்டு காசைக் கடைந்து ஒன்றுக்குள் ஒன்று பொருத்தியது, மேஜிக் செய்கிறவர்கள் வைத்திருப்பது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. வேலூர்க்காரர்களுக்கு இரண்டாவது டாக்டரையும் பார்க்காமல் தூக்கம் வராது. ஆனால் எங்கள் ஃப்ளோரில் காசுக்கு வேறு டாக்டர் இல்லை. அதனால் அதே காசை மறுநாளும் என்னிடமே கொண்டுவந்து, முதல்முறையாகக் காட்டுவதுபோலக் காட்டினார்.

நிஜம் என்றால் என்னைப் புகழ்ந்தார்கள். டேமேஜ் என்றால் என் கண்ணில் சர்க்கரை ஏறியிருக்கும் என்றார்கள். உண்மையைச் சொல்வேன், எனக்கு அந்த இரண்டாவது வேலைதான் பிடித்திருந்தது. ஒருத்தர் நம்பிக்கையோடு நீட்டும் காசை இரண்டு விரலில் பிடித்து, லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோய், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, டேமேஜ் என்று சொல்வதில் ஒரு ருசி இருக்கிறது. பத்தொன்பது வருஷத்தில் கம்பெனி எனக்கு அப்படி ஒரு மரியாதையைத் தந்ததில்லை. போகப் போக அந்தக் கொஞ்ச நேரமும் எனக்குத் தேவைப்படவில்லை. கையில் வாங்குவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தேன்.

இந்த நிலையில்தான் விரிஞ்சிபுரத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். நாத்தனாரின் கணவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவரும் எங்கள் கம்பெனியில்தான், அடுத்த ஷெட்டில் மில்லிங் டிரம் ஓட்டுகிறார். மில்லிங் டிரம் என்பது ஒரு அறை அளவு உருளை. உள்ளே பூச்சு அடித்துக் காய்ந்த தோல்களைப் போட்டு மணிக்கணக்கில் உருட்டினால் அவை துணிபோல மிருதுவாகிவிடும். அண்ணாவுக்கு ஒரு காசு கிடைத்திருக்கிறதாம், நான் வந்து பார்க்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் போனோம். காசு பூஜை அலமாரியில், மோதிரம் வைக்கும் சிவப்பு டப்பாவில் இருந்தது. சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே மாடிப்படிக்குப் போடும் கிரானைட் துண்டுகள் மூன்று நிறத்தில் இருந்தன. மேல்மாடி கட்டப் போகிறார்கள். கறுப்பா, சிவப்பா என்பதில் மட்டும்தான் குடும்பத்தில் இன்னும் முடிவு ஆகவில்லை.

“இன்னாம்மா, சும்மா பாத்துச் சொல்லு,” என்றார் அண்ணா. “எனக்கே தெரியும். உன் வாயால ஒரு தடவ கேக்கணும், அவ்ளோதான்.”

குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பழைய, தடித்த ஐந்து ரூபாய்க் காசு. வழக்கமான காசைவிடச் சுற்றளவில் கொஞ்சம் சிறியது. விளிம்பு மட்டும் மோதிரம்போலப் பருத்து உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அச்சில் இப்படி வரவே வராது. விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியாக ஆயிரம் அடி வாங்கிய தடம் இருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். எங்கே கிடைத்தால் என்ன, கவர்மெண்ட் அச்சடித்தது என்றார். மறுபடியும் கேட்டேன். டிரம்மைக் கழுவும்போது உள்பலகை இடுக்கில் கிடைத்ததாகக் கடைசியில் சொன்னார்.

யாரோ ஒருவர் சட்டைப் பையிலிருந்து விழுந்த காசு அது. மாதக்கணக்கில் தோல்களோடு உருண்டு உருண்டு, விளிம்பு தட்டப்பட்டுத் தட்டப்பட்டுச் சுருண்டிருக்கிறது. வெளிநாட்டில் துணி காய வைக்கும் மெஷினில் மாட்டும் காசுகளுக்கும் இதே கதி என்று படித்திருந்தேன். இதைச் சொன்னேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஃப்ளோரில் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

அண்ணா கிரானைட் துண்டுகளை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். நாத்தனார்தான் பேசினார். தோல் பார்க்கிறவளுக்குக் காசைப் பற்றி என்ன தெரியும், அடுத்தவர் வீட்டில் மாடி ஏறினால் சிலருக்குத் தாங்காது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். தினம் நூறு சண்டையைச் சமாளிக்கிறவர். அவரே அங்கே தடுமாறி, காபி நன்றாக இருக்கிறது என்றார். காபி இன்னும் வரவில்லை.

கிளம்பும்போது நாத்தனார் சமையலறைக்குப் போய் இன்னொரு காசை எடுத்துவந்து என் கையில் வைத்தார். ஒரு ரூபாய். ஓரத்தில் பிறை வடிவத்தில் யாரோ கடித்ததுபோலக் கொஞ்சம் இல்லை. பூக்காரம்மா வாங்க மறுக்கிறார், மளிகைக் கடையில் மறுக்கிறார்கள், சொந்தத் தம்பியே தன் பஸ்ஸில் வாங்க மறுத்துவிட்டான், இதையாவது பார்த்துச் சொல் என்றார். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். லென்ஸைக்கூட எடுக்கவில்லை.

“ஷூ கம்பெனிக்காரன் எவனாச்சும் கட்டிங் பிரஸ்ல வெச்சு வெட்டியிருப்பான் அண்ணி,” என்றேன். “டேமேஜ்தான். கோயில் உண்டியல்ல போட்டுடுங்க.”

அவர் அடுத்த வாரமே சோளிங்கர் மலையேறிப் போய் அதை நரசிம்மர் உண்டியலில் போட்டார். சொன்னதைக் கேட்கிற பழக்கம் அவருக்கு வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் வந்தது.

ஒரு மாதம் கழித்து வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி வைத்தார்கள். குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதில் என் கணவருக்கு பேஜாராகிவிட்டது. வெளியாள் ஒருத்தரிடம் காட்டிவிட்டால் முடிந்துபோகும் என்று லீவு போட்டு எங்கள் மூன்று பேரையும் அழைத்துப் போனார். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் மேல்விஷாரத்து பாய் ஒருவர் மேசை போட்டிருந்தார். தட்டுத் தட்டாகக் காசுகள், ஒவ்வொன்றுக்கும் அட்டைச் சட்டை. அண்ணா சிவப்பு டப்பாவைத் திறந்தார். பாய் அரை விநாடிதான் பார்த்திருப்பார்.

“வாஷிங் மெஷினா சார், டிரையரா?” என்றார்.

“மில்லிங் டிரம்,” என்றார் அண்ணா, கொஞ்சம் மிடுக்காகவே.

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிரம்மில் உருண்டு வந்த காசை இதுவரை பார்த்ததில்லையாம். தன்னிடம் டேமேஜ் காசுகளுக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது, லட்சக் கனவோடு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு, இதற்கு வேண்டுமானால் நூறு ரூபாய் தருகிறேன் என்றார். அண்ணா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மாடி போன துக்கம் என்று நினைத்தேன். நூறு ரூபாயை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குள் நாத்தனார் பக்கத்துத் தட்டைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அங்கே ஒரு ரூபாய் ஒன்று இருந்தது, ஓரத்தில் பிறை வடிவக் கடியோடு. இது என்ன என்று பாயிடம் கேட்டார். பாய் ஆசையாக விளக்கினார். பெரிய தகட்டிலிருந்து வட்டங்களை வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டு விழுந்தால் இப்படி வரும். அச்சடிப்பதற்கு முன்னாலேயே நடந்த பிழை. நிஜமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது.

“கடிபட்ட எடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் பாருங்கம்மா. விளிம்பு மழுங்கிப் போயிருக்கா? அப்டின்னா பொறக்கும்போதே வந்த குறை. எதிர்ப்பக்கம் முழுசா நின்னா, யாரோ அப்புறமா வெட்டுனது.”

விலையையும் சொன்னார். பட்டுப் புடவைக்குப் பத்தாது. நல்ல காட்டன் புடவைக்குத் தாராளம். நாத்தனார் அந்தக் காசைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“எதிர்ப்பக்கம் பாத்தியா நீ?” என்று மட்டும் கேட்டார்.

நான் பார்க்கவில்லை. திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அது நிஜமா, வெட்டியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தப்பாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. நாத்தனார் முன்னால் போய்த் தக்காளிக் கூடையோடு இருந்த ஒரு பெண்ணின் அருகில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்று மாதம் போயிருக்கும். பைகள் தைக்கப் போகும் கறுப்புத் தோல் ஒரு லாட் என் மேசைக்கு வந்தது. முதல் தோலிலேயே பிறைபோல ஒரு சின்னப் பள்ளம். கை தன்பாட்டுக்கு ‘கொம்பு’ என்று எழுதிவிட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொரு பிறை. அதற்கப்புறம் மூன்று. எல்லாம் ஒரே வளைவு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். எந்த மாடும் இவ்வளவு பொறுமையாக இடம் பார்த்து முட்டாது. லென்ஸை வைத்தேன். பள்ளத்துக்குள் கறுப்புப் பூச்சு நொறுங்கியிருந்தது. மாடு உயிரோடு இருந்தபோது வந்த காயமென்றால் ஆறியிருக்கும், பூச்சு அதன்மேல் முழுதாகப் படிந்திருக்கும். இது பூச்சுக்குப் பிறகு வந்தது. என் பர்ஸிலிருந்து ஒரு தடித்த ஐந்து ரூபாயை எடுத்துப் பிறையின் மேல் நிறுத்தினேன். அச்சாகப் பொருந்தியது. டிரம்முக்குள் மறுபடியும் காசு உருண்டிருக்கிறது.

அப்போதுதான் இன்னொரு சந்தேகம் வந்தது. சாம்பிள் ரேக்கில், போன வருஷம் நான் கொம்பு என்று கையெழுத்துப் போட்ட துண்டுகள் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். நான்கில் அதே பிறை. உள்ளே அதே நொறுங்கல். அண்ணாவின் அந்த ஒற்றைக் காசு பல மாதம் டிரம்முக்குள் உருண்டு செய்த வேலைக்கெல்லாம், நான் பாவப்பட்ட மாட்டின்மேல் பழி எழுதியிருந்தேன். ஊரார் காசை எல்லாம் டேமேஜ் என்றவள், டேமேஜ் ஆன தோலைப் பிறவிக்குறை என்று பாஸ் செய்திருக்கிறேன்.

டீ நேரத்தில் அடுத்த ஷெட்டுக்குப் போனேன். அண்ணா டிரம்முக்குப் பக்கத்தில் பீடியைப் பற்ற வைக்காமல் வாயில் மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்.  பிறை விழுந்த இடத்தில் வெட்டிய தோல் துண்டை நீட்டினேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார்.

“ஆறு காசு போட்டேன்,” என்றார். “நாலுதான் திரும்பி வந்துச்சு.”

அவரிடம் பெரிய குற்ற உணர்ச்சி இல்லை. ஐந்து ரூபாய் நூறு ரூபாயாகிற ஒரு வழியைக் கண்ணால் பார்த்த பிறகு மனுஷன் எப்படிச் சும்மா இருப்பான் என்றார். பாயிடம் கொண்டுபோனபோது, ஒன்று போதும், தட்டில் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். ஆனால் ஒன்றை எங்கள் சூப்பர்வைசர் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். டேமேஜ் என்று தெளிவாகச் சொல்லித்தான் விற்றாராம். சூப்பர்வைசர் சிரித்துவிட்டு, விலையைக் குறைக்க நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள் என்றாராம். விற்கிறவர் எதற்கு விலையைக் குறைப்பார் என்று இருவருமே யோசிக்கவில்லை.

ரிஜெக்ட் ரிப்போர்ட்டில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மாடு என்று எழுதினால் யாருக்கும் கஷ்டமில்லை. நாத்தனார் ஒருநாள் மறுபடியும் பேசுவார். டிரம் என்று எழுதினால் அண்ணாவுக்கு வேலை போனாலும் போகலாம். அந்தக் கட்டத்தைப் பார்த்தபடியே மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில், டிரம்முக்குள் வெளிப்பொருள், நாணயம் என்று எழுதினேன். அடியில், போன வருஷத்து நான்கு சாம்பிள்களும் இதே குறைதான், கொம்பு என்று தவறாக எழுதியது நான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். அண்ணா தவறுக்குக் கீழே என் தவறும் இருந்தால் நாத்தனாரின் கோபம் பாதியாகும் என்று ஒரு நப்பாசை.

மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். அண்ணாவுக்கு ஒரு வாரம் சம்பளமில்லாத லீவு. பிறகு பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். எனக்கு வார்னிங் லெட்டர். அந்த லாட் செருப்பு தைக்கிறவர்களுக்குக் குறைந்த விலையில் போனது. நாணயங்களுடன் டிரம் ஷெட்டுக்குள் நுழையக் கூடாது என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். டிரம் ஆட்களின் யூனிஃபார்ம் பைகளை எல்லாம் தைத்து மூடினார்கள். அதன் பிறகு அவர்கள் பீடியைக் காதில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நாத்தனார் நான்கு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பேக்கிங் செக்‌ஷனில் ஃபேன் இருக்கிறது, உட்கார நாற்காலி தருகிறார்கள், அண்ணாவுக்கு முட்டிவலி கம்மியாகிவிட்டது என்றார். “எல்லாம் உன்னாலதான்,” என்றார். நன்றி சொல்கிறாரா, குற்றம் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க எந்த லென்ஸும் என்னிடம் இல்லை. காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

ஃப்ளோரில் இப்போது யாரும் என்னிடம் காசு காட்டுவதில்லை. நானும் கேட்பதில்லை. ஆனால் போன மாதம் ஒருநாள், ஷிஃப்ட் முடிகிற சமயம் மேனேஜர் கேபினுக்கு வரச் சொன்னார். இரண்டாவது வார்னிங் லெட்டர் என்றே நினைத்துப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். மேசை டிராயரைச் சாவி போட்டுத் திறந்து, டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து வைத்தார். எண்ணுக்கு மேலே உள்ள கதிர்க் கோடுகள் சில காசில் பத்து, சில காசில் பதினைந்து இருக்கின்றன, இதில் பதினைந்து இருக்கிறது, இது பிழைக் காசு என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம். வீட்டில் யாருக்கும் தெரியாது என்றார்.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு முழுக்கச் சுற்றி, நடு வட்டமும் வெளி வளையமும் சேருமிடம், எதிர்ப்பக்கம் எல்லாம் லென்ஸில் பார்த்தேன். அவர் கதவைப் பார்ப்பதும் காசைப் பார்ப்பதுமாக இருந்தார்.

“ஒரு குறையும் இல்ல சார்,” என்றேன். “ரெண்டு மாதிரியும் கவர்மெண்டே அச்சடிச்சதுதான். சுத்தமான, நல்ல காசு.”

“அப்போ பத்து ரூபாதானா?”

“பத்து ரூபாதான் சார். ஆனா ஆம்பூர்ல எந்தக் கடையிலயும் பத்து ரூபா காசை வாங்க மாட்டேன்றாங்க.”

அவர் கோடுகளை விரலால் இன்னொரு தடவை எண்ணினார். பிறகு மறுபடியும் டிஷ்யூ பேப்பரில் சுற்றி, டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.